கன்றுக்கு மகன், கொலைக்கு விளக்கு: கடலூர்–சிதம்பரம் வட்டாரத்தில் தண்டனை அறத்தின் வரலாறு

முன்னுரை

கடலூர்க் கடற்கரை, தெற்கே சிதம்பரம், அதற்கு மேற்கே காட்டுமன்னார்கோயில், வடமேற்கே வடலூர். ஒரே நாளில் சுற்றி வந்துவிடக்கூடிய நிலப்பரப்பு இது. குற்றம், தண்டனை, மன்னிப்பு ஆகியவை பற்றித் தமிழர் சிந்தித்த வரலாற்றுக்கு மிக முக்கியமான நான்கு சான்றுகள் இந்தச் சிறு வட்டத்துக்குள் கிடைக்கின்றன. திருநாவுக்கரசரைக் கல்லில் கட்டிக் கடலில் இட்ட வரலாறு, ஆதித்த கரிகாலன் கொலையைப் பேசும் உடையார்குடிக் கல்வெட்டு, தில்லை எனப்படும் சிதம்பரத்தில் அரங்கேறிய, சேக்கிழாரின் பெரியபுராணம், இராமலிங்க அடிகளின் உரைநடை நூல்கள் ஆகியவையே அவை.

இவை தனித்தனியே பலமுறை ஆராயப்பட்டவை. ஒன்றன்பின் ஒன்றாக வைத்துப் படித்தால் ஒரு வளர்ச்சி தெரிகிறது. தண்டிக்கும் உரிமை யாருக்கு உண்டு, கடவுள் நம்பிக்கை அந்த உரிமைக்குத் துணை நிற்கிறதா தடை போடுகிறதா, செய்த குற்றத்துக்குச் சமமான துன்பத்தைத் திருப்பித் தருவது அறமாகுமா என்ற மூன்று கேள்விகளும் இந்த மண்ணில் பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாகத் தொடர்ந்து கேட்கப்பட்டுள்ளன. ஆள்பவன் தானும் தண்டனைக்கு உட்படும்போது மட்டுமே பழிக்குப் பழி என்னும் அறம் இங்கே மதிப்புப் பெற்றது என்பதும், அப்போதும் அதன் கொடுமையைத் தாங்க ஒரு தெய்வ அற்புதம் தேவைப்பட்டது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

1. பாடலிபுத்திரமும் பல்லவனும்

இன்றைய கடலூரின் ஒரு பகுதியான திருப்பாதிரிப்புலியூர், பழைய பாடலிபுத்திரம். சமண சமயத்தின் பெரிய கல்வி நிலையம் இங்கு இருந்தது. சர்வநந்தி என்ற முனிவர் 'லோகவிபாகம்' என்னும் நூலைக் காஞ்சிப் பல்லவன் சிம்மவர்மனின் 22ஆம் ஆட்சியாண்டில், சக ஆண்டு 380இல், அதாவது பொ.ஆ. 458இல் இவ்வூரில் எழுதி முடித்தார். பண்ருட்டியை அடுத்த திருவாமூரில் பிறந்த மருள்நீக்கியார், அதாவது பின்னாளைய திருநாவுக்கரசர், தருமசேனர் என்ற பெயரோடு தலைமை பெற்றிருந்ததும் இங்கேதான்.

அவருக்குச் சூலை நோய் வந்தது. தமக்கை திலகவதியார் இருந்த திருவதிகைக்குச் சென்று பாடி நோய் தீர்ந்தார். அந்த வலியைத் தம் பிழைக்குக் கிடைத்த தண்டனையாகவே அவர் பதிகம் உணர்கிறது. ஆனால் இந்தத் தண்டனையின் நோக்கம் பழிவாங்குவதன்று, பிரிந்தவரை மீட்பது. சேக்கிழாரும் அவ்வாறே விளக்குகிறார்.

அடுத்து வருவது அரசனின் தண்டனை. சமயம் மாறியதற்காக நீற்றறை, நஞ்சு, யானை என்று ஒவ்வொன்றாக ஏவப்பட்டு, கடைசியில் கல்லோடு பிணைத்துக் கடலில் தள்ளப்பட்டார். கல் மிதந்து அவர் கரை சேர்ந்ததாகச் சொல்லப்படும் இடத்துக்குக் கரையேறவிட்டகுப்பம் என்றே பெயர். அரச ஆணையை மீறிய ஒருவரின் வெற்றியை ஊர்ப்பெயராகவே மக்கள் வைத்திருக்கிறார்கள். அரசனின் அதிகாரத்துக்கு மேலே ஓர் அதிகாரம் உண்டு என்ற நம்பிக்கை, தமிழ் பக்தி இயக்கத்தின் அரசியல் உள்ளடக்கம்.

ஆயினும் கதை அங்கே முடியவில்லை. மனம் மாறிய பல்லவன், பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளிகளை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டு திருவதிகையில் குணபரவீச்சரம் எழுப்பினான் என்கிறார் சேக்கிழார். குணபரன் என்பது முதலாம் மகேந்திரவர்மனின் பட்டப்பெயர் ஆதலால், இவ்வரசன் அவனே என்று வரலாற்றாசிரியர் பலர் கொள்வர். நாவுக்கரசர் தமக்குத் தீங்கு செய்தவர்மேல் எந்தத் தண்டனையும் கேட்டதாகப் புராணத்தில் இல்லை. தண்டித்த அரசன் மட்டும் தண்டிக்கும் பழக்கத்தை விடவில்லை. அவன் சமயம் மாறியது, கை மாறவில்லை.

2. உடையார்குடிக் கல்வெட்டு

காட்டுமன்னார்கோயிலின் பழைய பெயர் வீரநாராயணச் சதுர்வேதிமங்கலம். அங்கு உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் சுவரில் முதலாம் இராசராசனின் 2ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு உள்ளது. பாண்டியன் தலைகொண்ட கரிகாலச் சோழனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன், பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராசன் ஆகியோரை அது பெயர் சொல்லிக் குறிக்கிறது. ஊர்ச் சபைக்கு வந்த அரச ஓலை, இவர்களுடைய உடைமைகளைப் பறிமுதல் செய்து விற்கச் சொல்கிறது.

சான்றுகளில் மிகவும் அருகில் வைத்துப் பார்க்க வேண்டிய பகுதி, பட்டியல் நீளும் விதம். குற்றவாளிகளோடு அது நிற்கவில்லை. அவர்களுடைய உடன்பிறந்தார், பிள்ளைகள், தாய்மார், மாமன்மார், பெண் கொடுத்தவர், பெண் எடுத்தவர் என்று உறவின் எல்லை வரை போகிறது. குற்றம் இரத்தத்தில் ஓடுகிறது, திருமண உறவிலும் தொற்றிக்கொள்கிறது என்ற கருத்து இதன் அடியில் இருக்கிறது. வீடும் நிலமும் இழந்த மாமனார் ஒருவர் என்ன குற்றம் செய்தார் என்று அந்தச் சபையில் யாரேனும் கேட்டிருந்தால், கல் அதைப் பதிவு செய்யவில்லை.

கொலையுண்டவன் இளவரசன் ஆதித்த கரிகாலன், கொன்றவர்கள் பிராமண அதிகாரிகள். கொலைத் தண்டனையைப் பற்றிக் கல்வெட்டில் பேச்சில்லை. இக்கொலையை நீலகண்ட சாஸ்திரி, உத்தம சோழன்மேல் எழும் ஐயத்தோடு இணைத்துப் படித்தார். சதாசிவ பண்டாரத்தாரும் குடவாயில் பாலசுப்ரமணியனும் அந்த ஐயத்தை மறுத்தனர். கொலைக்குக் காரணம் யார் என்ற அந்த விவாதத்தின் நிழலில், உறவினர் மீதான தண்டனை பற்றிய அறக்கேள்வி கவனம் பெறாமலே போய்விட்டது.

பறிமுதலான நிலத்தை ஒருவர் விலைகொடுத்து வாங்கி, அந்தக் கோயிலுக்கே அறக்கட்டளையாக எழுதிவைத்தார். அரசனின் பழிவாங்கலில் பிடுங்கப்பட்ட மண், சோறும் தண்ணீரும் வழங்கும் தருமமாக மாறியது. தண்டனையைக் கொடையாக்கித் தூய்மை செய்யும் வழக்கம் சோழர் காலத்தில் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

3. சேக்கிழார் சொன்ன தீர்ப்புகள்

இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில், 12ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், அமைச்சராக இருந்த சேக்கிழார் சிதம்பரத்தில் தங்கிப் பெரியபுராணம் பாடினார். ஆயிரக்கால் மண்டபத்தில் அது அரங்கேறியது. ஆட்சியின் உள்ளே இருந்து எழுதியவர் என்பதால் தண்டனை பற்றிய அவர் கருத்துக்குத் தனி எடை உண்டு.

நூலின் தொடக்கத்திலேயே திருநகரச் சிறப்பில் மனுநீதிச் சோழன் வருகிறான். இளவரசனின் தேர்க்காலில் கன்று அகப்பட்டு இறக்கிறது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அடிக்கிறது. அமைச்சர்கள், மறையவர் விதித்த கழுவாய் செய்தால் போதும் என்கிறார்கள். அரசன் மறுக்கிறான். மகன்மேல் தேரோட்டப் பணிக்கப்பட்ட அமைச்சன் உயிர் விடுகிறான். அரசன் தானே தேரை ஓட்டுகிறான். திருவாரூர்ப் பெருமான் தோன்ற, கன்றும் மகனும் அமைச்சனும் எழுகிறார்கள். விக்கிரம சோழன் காலத்துத் திருவாரூர்க் கல்வெட்டு ஒன்றிலும் இக்கதை உண்டு. அந்த அமைச்சனின் வழிவந்தவருக்கு வழங்கிய கொடையை அது பதிவு செய்கிறது. சேக்கிழார் பாடியபோது இது சோழ அரசின் சொந்த வரலாறாகவே நம்பப்பட்டது.

அமைச்சர்கள் சொன்ன கழுவாய் வெறும் தந்திரம் அன்று, நாட்டு வழக்கம். வேட்டையில் குறி தவறி ஆளைக் கொன்றவர்களைப் பற்றிய சோழர் காலக் கல்வெட்டுகள் நடுநாட்டிலும் தொண்டைநாட்டிலும் பல உள்ளன. நாட்டாரும் பட்டர்களும் கூடி, வேண்டுமென்று செய்யாததால் இவன் சாக வேண்டியதில்லை, இறந்தவன் பெயரால் கோயிலில் நந்தா விளக்கு எரிக்கட்டும் என்று தீர்ப்பளித்தார்கள். ஒரு விளக்கின் நெய்க்குச் சாவா மூவாப் பேராடு 96 என்பது பரவலான கணக்கு. ஊர்ச் சபைகளின் நடைமுறை கொலைக்கு விளக்கு. காப்பியத்தின் இலட்சியம் கன்றுக்கு மகன். இரண்டும் ஒரே காலத்தில் வாழ்ந்தன.

சேக்கிழார் இலட்சியத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. இளவரசனுக்குக் கழுவாய் பரிந்துரைத்தவர்கள் அதிகாரத்துக்கு அருகில் நின்றவர்கள். தன் மகனுக்குச் சலுகை, ஊரான் மகனுக்குக் கொலை என்று வந்துவிட்டால் முறைசெய்யும் இருக்கைமேல் யாருக்கு நம்பிக்கை இருக்கும்? மனுவின் தீர்ப்பின் உயிர்நாடி, கன்றின் உயிரும் இளவரசன் உயிரும் ஒன்றே என்ற சமன்பாடு. ஆனால் அந்தச் சமன்பாட்டை நிறுவ ஓர் இளைஞன் சாக வேண்டியிருந்தது, அது தாங்க முடியாததாக இருந்ததால் இறைவன் வந்து மூவரையும் எழுப்ப வேண்டியிருந்தது. அற்புதத்தை நீக்கிவிட்டால் மிஞ்சுவது மூன்று பிணங்களும் ஒரு பசுவின் ஓலமும்தான். கடவுள் வந்து திருத்தாத உலகில் இந்தத் தீர்ப்பை அப்படியே பின்பற்ற முடியாது என்பதை அந்தக் கதையே ஒப்புக்கொள்கிறது.

அதே நூலில் நேரெதிர்த் தீர்ப்பும் இருக்கிறது. திருக்கோவலூரை ஆண்ட மெய்ப்பொருள் நாயனாரிடம் முத்தநாதன் சிவனடியார் வேடத்தில் வருகிறான். ஓலைக்கட்டுக்குள் கத்தி. குத்துண்ட அரசன், வாளோடு பாய்ந்த காவலன் தத்தனைத் தடுத்து, இவனை ஊர் எல்லை வரை பத்திரமாகக் கொண்டுபோய் விடு என்கிறான். செய்தி திரும்பும் வரை உயிரைப் பிடித்திருக்கிறான். வேடத்தின்மீது வைத்த நம்பிக்கை அவன் உயிரைப் பறித்தது, அதே நம்பிக்கை கொலையாளியின் உயிரைக் காத்தது. மன்னித்தவன் தீங்குக்கு ஆளானவனே என்பதால் இம்மன்னிப்பில் ஐயத்துக்கு இடமில்லை.

மூன்றாவது தீர்ப்பு மனத்தை உறுத்துவது. மதுரையில் வாதில் தோற்ற சமணர் எண்ணாயிரவர் கழுவேறியதாகச் சொல்லும் பகுதி அது. நடந்ததா என்பது பற்றி வரலாற்றாசிரியரிடையே பெரும் ஐயம் உண்டு. நடந்ததோ இல்லையோ, அதை அறமாகச் சொல்ல 12ஆம் நூற்றாண்டில் முடிந்திருக்கிறது. தோற்றால் கழுவேறுவோம் என்று அவர்களே ஒப்பினார்கள், மடத்துக்குத் தீ வைத்த குற்றமும் இருந்தது என்று காரணங்கள் அடுக்கப்படுகின்றன. தண்டனையை நியாயப்படுத்த இத்தனை காரணங்கள் தேவைப்பட்டதே, சொல்பவரின் மனச்சாட்சி அமைதியாக இல்லை என்பதற்கு அடையாளமாகலாம்.

கோயிலுக்கும் அரசுக்கும் இருந்த உறவும் ஒரே சீரானதன்று. களந்தை ஆண்ட கூற்றுவ நாயனார் முடிசூட்டும்படி கேட்டபோது, சோழர்க்கன்றிச் சூட்டோம் என்று மறுத்துத் தில்லைவாழ் அந்தணர் சேரநாட்டுக்குப் போனதாகப் பெரியபுராணம் கூறும். வாளின் வெற்றி மட்டும் ஆட்சிக்குத் தகுதி ஆகாது, ஓர் ஒப்புதல் வேண்டும் என்ற கருத்து இது. ஆனால் அந்த ஒப்புதலைத் தரும் உரிமை ஒரு சிறு குழுவின் கையில் இருந்தது.

4. குற்றம் இல்லாத ஒருவர் தீயில்

அந்தக் குழுவின் வாசலில்தான் திருநாளைப்போவார் எனப்படும் நந்தனார் நிறுத்தப்பட்டார். ஆதனூர்ப் புலையர் குலத்து நந்தனார் தில்லைக்குள் நுழையுமுன் தீயில் மூழ்கினார். கனவில் இறைவன் அவருக்கும் சொன்னான், தில்லைவாழ் அந்தணர்க்கும் சொன்னான் என்பது புராணம். சொல்லப்பட்ட எந்தக் குற்றமும் அவரிடம் இல்லை. பிறப்பு மட்டுமே இருந்தது. கன்றின் உயிரும் அரசகுமாரன் உயிரும் சமம் என்று தொடங்கிய நூல், உழைக்கும் மனிதன் ஒருவரைத் தீயின் வழியாகத்தான் சந்நிதிக்குள் விடுகிறது. முற்பிறப்பின் வினை இப்பிறப்பின் தாழ்வு என்ற கோட்பாடு, உலகையே ஒரு பெரிய தண்டனைக் கூடமாக்குகிறது. அங்கே வழக்கும் இல்லை, வாதமும் இல்லை.

சிதம்பரம் இதற்குப் பிற்காலத்தில் ஒரு மறுமொழி கண்டது. சுவாமி சகஜானந்தர் 1916இல் நந்தனார் பெயரால் இங்கே பள்ளி தொடங்கினார். ஒடுக்கப்பட்ட பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக அங்கே எழுத்தறிந்தார்கள். பின்னாளில் அவர் சட்டமன்றத்திலும் இடம்பெற்றார். பிறப்பைத் தண்டனையாகக் கண்ட கோட்பாட்டை அவர் வகுப்பறை கட்டி எதிர்கொண்டார்.

5. கும்பினிச் சட்டமும் 1854ஆம் ஆண்டும்

1801இல் கர்நாடக நவாபின் நாடு கிழக்கிந்தியக் கும்பினியிடம் வந்தது. அடுத்த ஆண்டு சென்னை மாகாணத்தில் ஜில்லா கோர்ட்டுகள் ஏற்பட்டன. அன்றைய குற்றவியல் சட்டத்தின் அடிப்படை இசுலாமியச் சட்டம். அதன்படி கொலையுண்டவரின் வாரிசுகள் கொலையாளியை மன்னிக்கலாம். காரன்வாலிஸ் 1790களில் வங்காளத்தில் அந்த உரிமையை நீக்கினார். 1860இல் இயற்றப்பட்டு 1862 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டம் எங்கும் ஒரே ஒழுங்கை நிறுவியது. மெய்ப்பொருளார் செய்ததைச் செய்ய இனி யாருக்கும் சட்டத்தில் இடமில்லை. தண்டிப்பதும் மன்னிப்பதும் அரசின் கையில்.

அந்த அரசு எப்படிப்பட்டது? வரி தண்டச் சென்னை மாகாணத்தில் குடிமக்கள் வதைக்கப்படுகிறார்கள் என்ற புகாரை விசாரிக்க 1854இல் ஒரு விசாரணைக் குழு அமைந்து, 1855இல் அறிக்கை தந்தது. விரல்களைக் கிட்டியில் வைத்து நெரிப்பது, குனியவைத்துக் கட்டி வெயிலில் நிறுத்துவது போன்ற வதைகள் அதில் ஆவணமாயின.

அதே 1854இல் சிதம்பரத்தை அடுத்த மருதூரில் பிறந்து சென்னையில் வாழ்ந்துகொண்டிருந்த இராமலிங்கர் 'மனுமுறை கண்ட வாசகம்' வெளியிட்டார். சேக்கிழாரின் கதையை உரைநடையில் விரித்த நூல் அது. அதன் எடை விழும் இடம் வேறு. பசு மணியடித்த காரணம் கேட்ட அரசன், தனக்கு இப்படி நேர என்ன பாவம் செய்தேனோ என்று தன்னைத் தானே கேட்டுக்கொள்கிறான். கேள்விகள் அடுக்கடுக்காக வருகின்றன. குடிகள்மேல் வரியை ஏற்றியது, வேலை வாங்கிக் கூலியைக் குறைத்தது, பசித்தவர் முகத்தைப் பாராதது, ஒருபக்கம் சார்ந்து வழக்குப் பேசியது என்று அந்தப் பட்டியல் போகிறது. உடையார்குடிப் பட்டியல் குற்றவாளியின் உறவினரைத் தேடிச் சென்றது. மருதூராரின் பட்டியல் ஆள்பவனின் உள்ளத்தைத் தேடிச் செல்கிறது. எட்டரை நூற்றாண்டுக்கும் மேலான இடைவெளியில் நடந்த பெரிய மாற்றம் இது.

6. சிறைக் கைதியின் சோறு

1858இல் தென்னார்க்காட்டுக்குத் திரும்பிய அடிகள், 1867 மே 23இல் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். பார்வதிபுரத்து மக்கள் 80 காணி நிலம் தந்தார்கள். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. வருகிறவர் யார், என்ன செய்தவர் என்று அங்கே கேட்பதில்லை. பசி இருக்கிறதா என்பது மட்டுமே தகுதி.

இதற்கான தத்துவத்தை 'ஜீவகாருண்ய ஒழுக்கம்' விளக்குகிறது. அங்கே அடிகள் ஒரு கடினமான எதிர்வாதத்தைத் தாமே எழுப்புகிறார். ஒருவர் முன்வினைப்படி கடவுள் ஆணையால் பசித்துக் கிடக்கிறார் என்றால், அவருக்குச் சோறிடுவது கடவுள் ஆணைக்கு விரோதம் ஆகாதா? வினைக்கோட்பாட்டை நம்புகிற எவரும் தட்டிக்கழிக்க முடியாத கேள்வி. அவர் தரும் விடை சிறைச்சாலையிலிருந்து வருகிறது. தன் கட்டளையை மீறிய பெருங்குற்றவாளிகளைச் சிறையில் அடைத்த அரசனும் சேவகரைக் கொண்டு அவர்களுக்கு உணவு கொடுக்கிறான். சிறு குற்றத்துக்காக வேலையிழந்து ஊர் ஊராக அலைபவனுக்கு இரக்கமுள்ள குடும்பத்தார் சோறிட்டால், அதை அறிந்த அரசன் மகிழ்வானே தவிரச் சினக்க மாட்டான். நரகத்தில் இருப்பவர்க்கும் கடவுள் ஆகாரம் கொடுப்பிக்கிறார். ஆகவே பசி நீக்குவது எந்தத் தண்டனைக்கும் முரணாகாது.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. அடிகள் வினையை மறுக்கவில்லை, தண்டனையையும் ஒழித்துவிடவில்லை. தண்டனைக்கு ஓர் எல்லை வகுக்கிறார். உயிரைக் காக்கும் கடமை தண்டிக்கும் உரிமைக்கு முந்தியது. பசி, கொலை என்ற இரண்டு துன்பங்களை நீக்குவதையே பரஜீவகாருண்யம் என்று எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார். திருவாரூர்க் கதையின் முடிவில் வந்து சேர்ந்த இறைக்கருணையை அவர் கதையின் தொடக்கத்துக்கே கொண்டுவந்துவிட்டார்.

அதிகாரத்தின்மேல் இருந்த நம்பிக்கையும் அவரிடம் மாறியது. 1869இல் ஆறுமுக நாவலர் தொடுத்த வழக்கில் அவர் கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்துக்கு வர நேர்ந்தது. அவருடைய திருவருட்பா அருட்பாவா மருட்பாவா என்பதை அந்த நீதிமன்றம் தீர்த்ததாக மக்கள் பேசினாலும், அது ஓர் அவதூறு வழக்கே என்பதை ப. சரவணனின் 'அருட்பா மருட்பா' தெளிவாக்கியது. சைவத்தின் இரு பெரும் அறிஞர்கள் தம் பிணக்கை வெள்ளையர் நீதிமன்றத்தில் வைக்கும் நிலை வந்திருந்தது. 1873 அக்டோபர் 22இல் மேட்டுக்குப்பத்தில் செய்த பேருபதேசத்தில், வேதம், ஆகமம், சமயம், மதம் எதிலும் பற்று வைக்க வேண்டாம் என்றார் அடிகள். தமக்கே முன்பு சைவத்தில் இருந்த பற்று இப்போது போய்விட்டது என்றும் சொன்னார். நம்பிக்கை கருணையின்மேல் நிற்க வேண்டும், நூலின்மேல் அன்று என்பது அவர் வந்து சேர்ந்த இடம்.

7. இன்றைய மனு

மனுவின் பெயர் இன்றும் ஆட்சியில் புழங்குகிறது. மாவட்ட நிர்வாகங்கள் கிராமங்களில் நடத்தும் குறைதீர் முகாமுக்கு மனுநீதி நாள் என்று பெயர். பட்டாவுக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் எழுதிய மனுக்களோடு மக்கள் வரிசையில் நிற்கிறார்கள். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் மனுநீதிச் சோழனுக்குச் சிலையும் உண்டு.

அந்த நீதிமன்றத்துக்குப் பழைய தென்னார்க்காட்டிலிருந்து ஒரு வழக்குப் போனது. 1993இல் முதனை கிராமத்துக் குறவர் சமூகத்தைச் சேர்ந்த உழைப்பாளி ஒருவர், திருட்டுச் சந்தேகத்தில் கம்மாபுரம் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்டு வதைக்கப்பட்டு இறந்தார். அவர் மனைவி ஆட்கொணர்வு மனுவோடு உயர் நீதிமன்றத்தை நாடினார். அப்போது வழக்கறிஞராக இருந்த கே. சந்துரு வாதாடினார். 2006இல் உயர் நீதிமன்றம் காவலர்களுக்குச் சிறைத் தண்டனை விதித்தது. ஆராய்ச்சி மணி ஒலித்துத் தீர்ப்பு வரப் பதின்மூன்று ஆண்டுகள் ஆயின.

தண்டனையே கூடாது என்று பொதுவாகப் பேசுகிறவர்கள் இவ்வழக்கின் முன் நிற்க வேண்டும். அந்தப் பெண் கேட்டது பழியன்று. தன் கணவரின் உயிரும் மற்றவர் உயிர் போன்றதே என்று அரசு ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதே அவர் கோரிக்கை. காவல் நிலையத்தில் நடந்ததும் தண்டனைதான்: விசாரணை இல்லாத, தன்னை யாரும் கேட்க முடியாது என்று நம்பிய அதிகாரம் கொடுத்த தண்டனை. உயர் நீதிமன்றம் கொடுத்தது வேறு வகைத் தண்டனை: அதிகாரம் தன் ஆட்களையே சட்டத்துக்கு உட்படுத்தியது, உயிருக்கு உயிர் கேட்காமல்.

முடிவுரை

இந்த வரலாற்றிலிருந்து மூன்று முடிவுகள் பெறலாம். ஒன்று, சமய நம்பிக்கை தண்டனைக்கு எப்போதும் துணை நின்றது என்பதோ எப்போதும் தடுத்தது என்பதோ சரியன்று. நாவுக்கரசரைக் கடலில் தள்ளியவர்களும் மெய்ப்பொருளாரும் இராமலிங்க அடிகளும் நம்பிக்கையாளர்களே. நம்பிக்கை யாரை நோக்கிக் கேள்வி கேட்கிறது என்பதே வேறுபாடு. இரண்டு, அதிகாரத்தின்மேல் மக்கள் வைக்கும் நம்பிக்கை அதன் கடுமையால் வருவதில்லை, அது தன்னையே விசாரித்துக்கொள்வதால் வருகிறது. மூன்று, உயிருக்கு உயிர் என்ற சொல்லில் இரண்டு கருத்துகள் கலந்திருக்கின்றன. எல்லா உயிரும் சமம் என்பது ஒன்று, அதை நிறுவ இன்னொரு உயிர் போக வேண்டும் என்பது மற்றது. ஊர்ச் சபைகள் விளக்கேற்றியும், வடலூர் சோறிட்டும், நந்தனார் பள்ளி எழுத்தறிவித்தும் இரண்டாவதை விட்டுவிட்டு முதலாவதைக் காக்க முடியும் என்று காட்டியிருக்கின்றன. மரண தண்டனையையும் காவல் மரணங்களையும் பற்றி இன்று நடக்கும் விவாதத்தில் தமிழ் மரபின் பெயரால் மனுவை மட்டும் சாட்சிக்கு அழைப்பது பாதி உண்மை. இந்த வட்டாரத்தின் முழு வரலாறும் கருணையின் பக்கமே சாட்சி சொல்கிறது, ஆனால் வலியவர்கள் தங்களுக்குத் தாங்களே வழங்கிக்கொள்ளும் கருணையை அது ஒருபோதும் ஏற்கவில்லை.